நனைந்த துப்பட்டியும் உன் பெண்டாட்டியும்

மலைமேல் இருக்கிற என் மகனுக்கு, கீழே இருக்கிற உன் அம்மா சொல்லச் சொல்ல உன் பெண்டாட்டி எழுதுவது.

இந்த முதல் வரியைப் பார்த்தவுடனே நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். ‘அம்மாவாவது கடிதாசி எழுதச் சொல்வதாவது, எல்லாம் புஷ்பத்தின் வேலை’ என்று மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் போய்விடுவாய். போகாதே. கடைசிவரை படி. எழுதப் படிக்கத் தெரியாமல் போனதற்கு நான் இதுவரை வருத்தப்பட்டதில்லை. இன்றைக்குத்தான் வயிறு எரிகிறது. பெற்ற மகனிடம் பேசுவதற்கு இவள் கையைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறதே! நான் நம் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன். இவள் அதைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் எழுதிவிட்டு எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். கேட்டால் யாரோ பெரிய வீட்டு அம்மாள் பேசுவது போல இருக்கிறது. “நான் இப்படியாத்தா சொன்னேன்?” என்று கேட்டால், “எழுதுறப்ப இப்படித்தான் அத்தை எழுதணும்” என்கிறாள். சரியாகத்தான் இருக்கும். இவள் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருந்து தொலைக்கிறது.

ஒளிப்பானேன், உன் பெண்டாட்டி மேல் எனக்குப் பொறாமைதான். அவளே எழுதட்டும் என்றுதான் சொல்கிறேன். உன் அப்பா போன பிறகு எனக்கென்று இருந்தது நீ ஒருவன். உன் உடம்பு எனக்கு மனப்பாடம். காய்ச்சல் வருவதற்கு முந்தின நாளே உன் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். உனக்குப் பசி எடுப்பது உனக்கு முன்னால் எனக்குத் தெரியும். கலியாணம் ஆனது, எல்லாம் தலைகீழ். உனக்குத் தலைவலி என்றால் அது அவளுக்குத் தெரிந்து, அவள் மிளகு தட்டிப் பற்றுப் போட்டு, அந்த வாசனையை வைத்து நான் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. ஊரில் எல்லா அம்மாமாருக்கும் இப்படித்தானே என்று நம் கோயில் சாமியார்கூட ஒருமுறை சொன்னார். சொல்வார், அவருக்கென்ன.

ஏசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு நீ இறங்கி வந்திருந்தாய் அல்லவா? வந்த மறுநாள் காலையில் கொல்லைக் கொடியில் நீ போர்த்திப் படுக்கிற துப்பட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த நாளும் தொங்கியது. அதற்கு மறுநாள் துப்பட்டியோடு தலையணை உறையும் உன் சட்டையும் சேர்ந்து தொங்கின. வண்ணாருக்குப் போட்டால் ஊருக்குத் தெரியும் என்று இவளே விடியுமுன் எழுந்து துவைத்திருக்கிறாள். நான் சும்மா இருப்பேனா?

“ஏத்தா, நேத்துத்தான துவைச்ச? தெனமும் என்ன துப்பட்டி?” என்று கேட்டேன்.

“அவுகளுக்கு ராத்திரி வேர்க்குது அத்தை. சும்மா இல்ல, பிழிஞ்சா சொட்டுது. எந்திரிச்சுச் சட்டைய மாத்திட்டுத்தான் மறுபடி படுக்குறாக.”

“சித்திரை வெயிலுக்கு வேர்க்காம குளிரவா செய்யும்?”

“வாசல்ல காத்துல படுத்தாலும் வேர்க்குது. இருமலும் நிக்கல. கேட்டா ஸ்டோர்ப் புகைங்கிறாக. ஆளும் இளைச்சுட்டாக அத்தை, வேட்டிய இறுக்கி இறுக்கிக் கட்டுறாக. தேனியில ஒரு டாக்டரம்மா இருக்காகளாம். ஒரு எட்டுப் போய்ட்டு வந்துருவோமா?”

அவள் சொன்னதில் ஒன்றும் என் காதில் ஏறவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டுவது வரைக்கும் இவளுக்குத் தெரிந்திருக்கிறதே, எனக்குத் தெரியவில்லையே என்பது மட்டும்தான் ஏறியது. கஞ்சி குடிக்க வந்த உன்னை நிறுத்தி, “ஏலே, ராத்திரி வேர்க்குதாமே?” என்று கேட்டேன். “ஆமாம்மா, இவதான் பயந்து சாகுறா” என்றாய். “வேர்த்தா நல்லதுடா. மலைக்காய்ச்சல் உள்ள கெடந்தது, வெளிய போகுது. உன் ஒடம்பு எனக்குத் தெரியாதா?” என்றேன். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவள் பக்கம் திரும்பி, “கேட்டியா, அம்மாவே சொல்லிட்டாக” என்றாய். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் பாஸ்குப் பூசையில்கூட இல்லை. இவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். சிரித்தாலும் அழுகை வந்தாலும் இவளுக்கு அந்தக் கை வாய்க்குப் போய்விடும். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். சுக்கும் கருப்பட்டியும் கட்டிக் கொடுத்து உன்னைக் குமுளி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, அதை நம்பு. இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன். ஏலமலைக்குப் போய் வருகிற ஆட்களில் குளிர்காய்ச்சல் வாங்காமல் வந்தவன் யார்? காய்ச்சல்காரன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்கள் நம் ஊரில் ‘சாப்பிட்டானா’ என்று கேட்பதில்லை, ‘வேர்த்துருச்சா’ என்றுதான் கேட்பார்கள். ‘வேர்த்துருச்சு’ என்று சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். நீ சிறுபிள்ளையில் நடுங்கினாயே, நினைவிருக்கிறதா? வீட்டில் இருந்த சாக்கையெல்லாம் போர்த்தியும் நடுக்கம் நிற்காமல் உன் மேல் நானே கவிழ்ந்து படுத்து அமுக்கிப் பிடித்தேன். பிறகு உடம்பு கொதித்தது. பிறகு வேர்த்தது. என் முந்தானை நனைய நனையத் துடைத்தேன். கண்ணைத் திறந்து நீச்சத்தண்ணி கேட்டாய். அந்த வேர்வையைத்தான் நான் இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

நீ மலையேறிய பிறகு நடந்த என் கதைக்கு வருகிறேன். எனக்கும் கொஞ்ச நாளாகவே ராத்திரியில் வேர்த்துக்கொண்டிருந்தது. நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டியது போல ஒரு சூடு கிளம்பிக் கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும். ரவிக்கை நனைந்துவிடும். அப்புறம் குளிரும். யாரிடமும் சொல்லவில்லை. அதையும் இவள்தான் கண்டுபிடித்தாள். கொடியில் என் ரவிக்கை தினமும் தொங்குவதைப் பார்த்துவிட்டு, “வாங்க அத்தை, டாக்டரம்மாகிட்டக் காட்டிருவோம்” என்றாள். நான் ஏன் ஒத்துக்கொண்டேன் தெரியுமா? எனக்கும் வேர்க்கிறது, ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டால் இவள் வாயடைத்துப் போவாளே, அதைப் பார்க்கத்தான். பெட்ரோலுக்குப் பதிலாக முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில் புகை குடித்துக்கொண்டே தேனிக்குப் போனோம்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரிதான். கைநாடி பிடித்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், பிறகு கேள்வியாகக் கேட்டார். சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதவென்று காய்கிறதா? இல்லை. குளிர் நடுக்கம்? இல்லை. விடாத இருமல்? இல்லை. பசி குறைந்திருக்கிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா? “இந்த இடுப்பப் பார்த்தாத் தெரியல தாயி?” என்றேன், சிரித்துவிட்டார். கழுத்திலோ அக்குளிலோ கட்டி உண்டா? எவ்வளவு சாப்பிட்டாலும் ஆள் கரைந்து, கை நடுங்கி, நெஞ்சு படபடக்கிறதா? வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? இல்லை, இல்லை, இல்லை. ஒவ்வொரு ‘இல்லை’க்கும் நான் இவளை ஜெயித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் நின்ற இவள் முகம் ஒவ்வொரு ‘இல்லை’க்கும் வெளுத்துக்கொண்டே வந்தது. அது தோற்கிற முகம் என்றுதான் நினைத்தேன்.

“இது வயசும்மா, பயப்படாதீங்க” என்றார் டாக்டரம்மா. பெண்களுக்கு மாதாமாதம் வருவது நின்று போகிற சமயத்தில் பலருக்கும் இப்படி வருமாம். (புஷ்பம் இதை எழுத மாட்டேன் என்கிறாள். மகன்தானே, எழுது என்றேன்.) மெல்லிசாக உடுத்த வேண்டும், காற்றோட்டமாகப் படுக்க வேண்டும், பொழுது சாய்ந்த பிறகு காப்பி கூடாது. தூக்கமே கெட்டுப் போனால் திரும்ப வர வேண்டும். நின்றது வருஷம் கழித்து மறுபடி தலைகாட்டினால் ஒரு நாளும் தள்ளாமல் வர வேண்டும். அவ்வளவுதான் எனக்கு. நான் இவளைத் திரும்பிப் பார்த்து, “கேட்டியாத்தா?” என்றேன். நீ அன்றைக்குக் கேட்டாயே, அதே மாதிரி.

இவள் என்னைப் பார்க்கவில்லை. “டாக்டரம்மா, இப்பக் கேட்டீகளே, இதையே எங்க வீட்டுக்காரவுகளக் கேட்டா முக்காவாசிக்கு ஆமான்னு சொல்லணும்” என்றாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவளை உட்காரச் சொன்னார். இவள் சொல்லச் சொல்ல எனக்கு ஒவ்வொன்றும் புதுசு. உனக்குச் சாயங்காலமானால் கண் எரிகிறதாம். சோறு பாதியில் வெறுத்துப் போகிறதாம். நெஞ்சின் ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கிறதாம். “குடிப்பாரா? அதனாலயும் வேர்க்கும்” என்று கேட்டதற்கு, “மலைக் குளிருக்கு எப்பவாச்சும் கொஞ்சம்” என்றாள். அடப்பாவி! உன் அம்மா அதை ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு உன் பெண்டாட்டி வாயால் தெரிந்துகொள்ள வேண்டுமா?

“வேர்த்தா நல்லதில்லையா தாயி?” என்று நான் கேட்டேன்.

“குளிர் நடுங்கி, காய்ச்சல் அடிச்சு, அப்புறம் வேர்த்தா அன்னிக்கு வந்த காய்ச்சல் இறங்குதுன்னுதான் அர்த்தம்மா. நோய் போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல. முறைவச்சுத் திரும்பி வரும். அதுக்கே ரத்தம் பார்த்து மருந்து குடுக்கணும். ஆனா நடுக்கமே இல்லாம, வாரக்கணக்கா ராத்திரி துணி நனையுது, இருமல் நிக்கல, ஆள் இளைக்குதுன்னா அது வேற. க்ஷயரோகமா இருக்கலாம். இருக்குன்னு சொல்லல, பார்க்காம நான் எதையும் சொல்ல மாட்டேன். ஆனா பார்க்காம விடக் கூடாது.” இதைச் சொல்லிவிட்டு இவளைப் பார்த்து, “நல்லா கவனிச்சிருக்கம்மா. முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே?” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவள் என்னைக் காட்டிக் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். “அவுகளுக்கு லீவு கெடைக்கல டாக்டரம்மா” என்றாள். காட்டிக் கொடுத்திருந்தால்கூட இவளைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டாள். ஒட்டுகிற நோய், கூட இருந்தவர்களையும் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா இவள் நெஞ்சில் குழாயை வைத்தபோது, மடியில் இருந்த ஜெபமாலையை என் கை தானாகப் பிடித்துக்கொண்டது. இவளுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் விட்டது. அது ஏன் என்று என்னைக் கேட்காதே.

ஊருக்கு வந்ததும் இவள் உனக்கு எழுதினாள். ஆனால் அதற்கு முன்பே தன் புத்திசாலித்தனத்தில் ஒரு தப்புச் செய்திருந்தாள். பாஸ்கு முடிந்து நீ போன வாரமே, நான் இன்னும் ‘வேர்த்தால் நல்லது’ என்று கொடி பிடித்துக்கொண்டிருந்தபோதே, ‘அத்தையும் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள்’ என்று ஒரு பொய்யை எழுதியிருக்கிறாள். அது பொய் என்று நீ மோப்பம் பிடித்துவிட்டாய். அதனால் இப்போது நிஜத்தை எழுதினாலும் நம்ப மாட்டேன் என்கிறாய். உன் பதிலை இவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். ‘அம்மா நல்லது என்று சொன்ன பிறகு எனக்கு டாக்டர் வேண்டாம். உன் பேச்சை அம்மா பேச்சாக எழுதாதே. அம்மாவை எனக்குத் தெரியும்.’ கலியாணமான நாள் முதலாக நான் கேட்கத் தவித்த சொல் அது மகனே! அதை இவள் வாயாலேயே கேட்டேன். கேட்டதும் கொடியில் தொங்கிய உன் துப்பட்டிதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குக் கீழே, இன்னும் இரண்டு துப்பட்டி கொடுத்தனுப்பு, சாரலில் ஒன்று காய்வதற்குள் அடுத்தது நனைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். மலையில் சாரல் அடிக்கிற ஆனி மாதக் குளிரில் உனக்கு வேர்க்கிறது. உன் பெண்டாட்டியை ஒரே ஒரு தடவை நான் ஜெயித்தேன். அந்த ஜெயம்தான் இப்போது உன் உயிரைக் குடிக்கப் பார்க்கிறது.

ஆகவே கேள். கம்பளி கனமாக இருந்தாலோ, அடைத்த அறையில் ஆட்கள் நெருக்கிப் படுத்தாலோ யாருக்கும் வேர்க்கும். பயத்திலும் கவலையிலும் வேர்க்கும். போர்வையைக் குறைத்தால் நின்றுவிடுகிற வேர்வைக்கு டாக்டர் வேண்டாம். குறைத்தும் நிற்காமல், உடை மாற்றுகிற அளவுக்கு நனைந்து, நாள் கணக்கில் தொடர்ந்தால் காட்ட வேண்டும். அதோடு காய்ச்சலோ, இருமலோ, இளைப்போ, கட்டியோ சேர்ந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். கோழையில் ஒரு கோடு சிவப்புத் தெரிந்தாலும், மூச்சு முட்டினாலும் அன்றைக்கே இறங்கிவிட வேண்டும். இருமும்போது துணியை வைத்து மூடிக்கொள். சாம்பல் போட்ட டப்பாவில் துப்பி நெருப்பில் போடு. உன் லோட்டாவில் வேறு யாரும் குடிக்க வேண்டாம். அந்த ஸ்டோர்ப் புகையில் இனி ஒரு நாள்கூட நிற்காதே. யாரோ கொடுத்தார்கள் என்று மலைக்காய்ச்சல் மருந்தான கொயினாவை விழுங்கிவிட்டுச் சமாதானமாகவும் இருந்துவிடாதே. க்ஷயம் என்றாலும் ஆரம்பத்திலேயே பார்த்து, படுத்து ஓய்வெடுத்து, பாலும் முட்டையும் சாப்பிட்டுத் தேறியவர்கள் உண்டு என்று டாக்டரம்மா சொன்னார். நீ படுத்திரு, நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம். யார் கஞ்சி வைப்பது என்று நாங்கள் சண்டை போட்டுக்கொள்கிறோம், அது உனக்கு வேண்டாத கதை.

இதெல்லாம் அம்மா பேச்சுதானா என்று இன்னும் உனக்குச் சந்தேகம் இருக்கும். அடியில் கைநாட்டு வைக்கிறேன். ஆனால் கட்டைவிரல் ரேகையைப் பார்த்து அம்மாவை அடையாளம் கண்ட மகன் எவன்? அதனால் இவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கோயிலில் நீ முதல் தடவையாக நற்கருணை, அதுதான் புதுநன்மை, வாங்கின அன்று காலையில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும், பானைக்குள் கைவிட்டுக் கருப்பட்டி தின்றுவிட்டாய். கோயில் வாசலில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். “சாமிக்குத் தெரியும், சாமியாருக்குத் தெரிய வேணாம், போ” என்று நான்தான் வாயைத் துடைத்து அனுப்பினேன். இத்தனை வருஷமும் உனக்கும் எனக்கும் மட்டும் இருந்த பாவம் அது. இப்போது இவளுக்கும் தெரிந்துவிட்டது. சிரிக்கிறாள், கையால் வாயை மூடிக்கொண்டு.

அம்மா என்றைக்காவது பேச்சுவாக்கில் இதை இவளிடம் உளறியிருப்பாள் என்று நினைப்பாயோ? அப்படியானால் செத்தாலும் நான் இவளிடம் சொல்லியிருக்க மாட்டேன் என்று உனக்கே தெரிந்த ஒன்று இருக்கிறது. கலியாணத்தன்று விடிந்ததும் நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். நீ புதுவேட்டியோடு வந்து நின்றாய். “ஏலே, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, சாமியார் கால்ல விழுந்தாவது நிறுத்திர்றேன்” என்று கேட்டேன். ஆமாம் புஷ்பம், கேட்டேன், எழுது. நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: “பொண்ணு பார்க்கப் போனப்ப அந்தப் புள்ள சிரிச்சுச்சும்மா. சிரிக்கிறப்ப வாயைக் கையால மூடிக்கிருச்சு. அந்தக் கையை எடுத்து விட்டுட்டு, அது சிரிக்கிறதப் பார்க்கணும்னு இருக்கும்மா. வேற ஒண்ணும் எனக்குத் தோணல.”

நீ இதை இவளிடம் சொன்னதே இல்லை. உனக்கு வராது, நீ உன் அப்பா மாதிரி. சொல்லியிருந்தால் ஒரு நாளாவது இவள் நடையில் எனக்குத் தெரிந்திருக்கும். நானும் சொல்லவில்லை. இவள் உன்னை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட நாளில்கூடச் சொல்லாமல் இறுக்கி வைத்திருந்தேன். உன்னிடமிருந்து இவளுக்கு வந்து சேராத ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று.

இவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். “எழுதாத்தா, ஒரு சொல்லு விடாம எழுது, அவன் நம்பணும்” என்றேன். எழுதினாள். எழுதிவிட்டுப் பேனா பிடித்த கையாலேயே வாயை மூடிக்கொண்டாள். உதட்டோரமெல்லாம் மை. அதையும் எழுது என்றேன், எழுதுகிறாள்.

எனக்கு மட்டும் தெரிந்தது என்று இனி உன்னைப் பற்றி ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். இனி என்ன சொன்னாலும் இவள் சொல்வதைக் கேள். ஞாயிற்றுக்கிழமை நீ இறங்காவிட்டால் திங்கட்கிழமை நாங்கள் ஏறி வந்து உன் தோட்டத்துத் துரை பங்களா வாசலில் உட்காருவோம். நான் அழுதால் எப்படி அழுவேன் என்று உனக்குத் தெரியும். அந்த அசிங்கம் வேண்டாம், வந்துவிடு. இவள் கையை என்னால் எடுத்துவிட முடியாது, அதற்கு நீதான் வேண்டும். குமுளி பஸ் கூடலூரில் வந்து நிற்கிற இடத்தில் இவள் நின்றுகொண்டிருப்பாள். நானும் நிற்பேன், இவளுக்கு ஒரு அடி பின்னால்.